ராக்கெட் பார்க்க ஸ்ரீஹரிகோட்டா போறீங்களா? ஒரு நாள் கூலி போகலாம்!

ஆந்திர மாநிலம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள், சூலூர்பேட்டைக்கு ரெயில் ஏறினால் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

பொதுமக்களுக்காக 5 ஆயிரம் பேர் உட்காரும் பார்வையாளர் மாடம் 2019 மார்ச் 31-ந்தேதி திறக்கப்பட்டது. கட்டணம் இல்லை. ஆனால் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இடம் மளமளவென தீர்ந்து விடும். அடையாள அட்டை முக்கியம். சென்னையில் இருந்து சூலூர்பேட்டைக்கு புறநகர் ரெயில் உண்டு. அங்கிருந்து பழவேற்காடு ஏரியை கடந்து சுமார் 18 கி.மீ. போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் ராக்கெட் கிளம்பும் என்று கேரண்டி இல்லை. 2019 ஜூலை 15-ந்தேதி அதிகாலை 2.51 மணிக்கு சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. விடிய விடிய கண் விழித்து கூட்டம் காத்திருந்தது. 56 நிமிடம் 24 நொடி பாக்கி இருக்கும்போது கவுண்ட்டவுன் நின்று போனது. தொழில்நுட்ப கோளாறாம்! வந்தவர்கள் வெறும் கையோடு திரும்பினர். பிறகு ஜூலை 22-ந்தேதி பிற்பகல் 2.43 மணிக்குத்தான் கிளம்பியது. வேலையை விட்டு இரண்டாவது தடவை எத்தனை பேரால் வர முடியும்?

இடம் கிடைக்காதவர்கள் பழவேற்காடு கடற்கரைக்கு போகலாம். வானம் தெளிவாக இருந்தால் ராக்கெட் மேலே ஏறுவது அங்கிருந்தே தெரியும். முதலில் வெளிச்சம்தான் வரும். சத்தம் 1 கி.மீ. தூரம் வரவே 3 நொடி ஆகும். "என்னடா, சத்தத்தையே காணோம்" என்று திரும்பி விடாதீர்கள்.