25 வருட உழைப்பு ஒரே ராத்திரியில் தூள் தூள்! மாடல் ரெயில்களை மிதித்து நொறுக்கிய 4 சிறுவர்கள்

இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ராத்திரி நேரத்தில் புகுந்த 4 சிறுவர்கள், அங்கே கண்காட்சிக்காக வைத்திருந்த மாடல் ரெயில்களைத் தூக்கி எறிந்தும் காலால் மிதித்தும் நாசம் செய்தார்கள். விடிந்ததும் ஓடி வந்து பார்த்த வயதான மனிதர்கள் வாய்விட்டுப் பேச முடியாமல் கண் கலங்கி நின்றார்கள்.

"பொம்மை ரெயில்தானே! அதற்கா இத்தனை அழுகை?" என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரிலும் சிலர் முதலில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் படத்தைப் பார்த்ததும் அந்த நாடே பதறி விட்டது. ஒரு பிரபல பாடகர் 10 ஆயிரம் பவுண்டு எடுத்துக் கொடுத்தார். மொத்தம் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது.

அப்படி அந்தப் பொம்மையில் என்னதான் இருந்தது?

சனிக்கிழமை காலை

சம்பவம் நடந்தது 2019-ம் ஆண்டு மே மாதம் 18-ந்தேதி. லண்டனில் இருந்து வடக்கே சுமார் 150 கிலோ மீட்டர் தூரத்தில் ஸ்டாம்போர்டு என்ற பழைய ஊர் இருக்கிறது. பக்கத்தில் மார்க்கெட் டீப்பிங் என்று ஒரு சிற்றூர். அந்தச் சிற்றூரின் மாடல் ரெயில்வே கிளப்புதான் ஸ்டாம்போர்டு பள்ளியில் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்திருந்தது.

வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் கொண்டு வந்து, மேஜை மேஜையாகப் பரப்பி, தண்டவாளங்களைப் பூட்டி, ஒயர் இணைத்து, ஓட்டியும் பார்த்து விட்டுக் கதவைச் சாத்தி விட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டு உள்ளே வர வேண்டியது. ஆனால் விடிவதற்கு முன்பே போலீசுக்குத் தகவல் போய்விட்டது.

போலீசார் விரைந்து வந்து 4 சிறுவர்களைக் கைது செய்தார்கள்.

உள்ளே பார்த்தால், மேஜைகள் கவிழ்ந்து கிடந்தன. என்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். சின்னச் சின்ன வீடுகள் நசுங்கிப் போய், ரெயில் பெட்டிகள் தரை முழுவதும் இறைந்து கிடந்தன. கிளப்பைச் சேர்ந்த ஒருவர் 25 வருடமாகச் செய்து வந்த வேலை அதில் போய்விட்டது என்று கிளப் தலைவர் நிருபர்களிடம் சொன்னார்.

நகை திருட்டு என்றால் இத்தனை கிராம் என்று எழுதி விடலாம். கடை தீப்பிடித்தால் சேதம் இத்தனை ஆயிரம் என்று எழுதலாம். 25 வருடத்துக்கு எந்தக் கணக்கை எழுதுவது?

76-ல் ஒரு பங்கு

இந்த மாடல்கள் சாவி கொடுத்தால் கீர் கீர் என்று வட்டமாகச் சுற்றும் திருவிழாக் கடை ரெயில் மாதிரி கிடையாது. நிஜ ரெயிலை அளந்து, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்கிச் செய்வது. இங்கிலாந்தில் அதிகமாகப் புழங்குவது 76-ல் ஒரு பங்கு அளவு. "டபிள் ஓ" என்று அதற்குப் பெயர். நிஜத்தில் ஒரு அடி என்றால் இதில் 4 மில்லி மீட்டர்.

அந்தக் கணக்கில் ஒரு ஆள் இரண்டேகால் சென்டி மீட்டர் உயரம். உலகப் புகழ் பெற்ற 'பிளையிங் ஸ்காட்ஸ்மேன்' நீராவி என்ஜின், தண்ணீர், கரி வைக்கும் டெண்டரோடு சேர்த்து, ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மைல் தூரம் என்றால் சுமார் 21 மீட்டர். ஆகவே சாதாரண வீட்டு மாடியில் ஒரு மைல் பாதையை முழுசாக நீட்டிப் போட முடியாது. ஸ்டேஷன், பாலம், ஒரு சுரங்கம், கொஞ்சம் வயல் என்று பொறுக்கி எடுத்துத்தான் அமைக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இங்கிலாந்து ரெயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். (நம் ஊர் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம்.) கணக்குப்படி மாடலில் 18.83 மில்லி மீட்டர் வர வேண்டும். ஆனால் கடையில் விற்கும் தண்டவாளம் 16.5 மில்லி மீட்டர்தான்!

காரணம் மோட்டார். ஐரோப்பாவில் இதே தண்டவாளத்தில் 87-ல் ஒரு பங்கு மாடல்களை ஓட்டினார்கள். இங்கிலாந்து என்ஜின்கள் இயற்கையிலேயே சின்ன உடம்பு. 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. என்ன செய்தார்கள்? தண்டவாளத்தை அப்படியே விட்டு விட்டு, மேலே உள்ள உடம்பை மட்டும் பெரிதாக்கி விட்டார்கள். லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி தொடங்கிய கம்பெனி 1938-ல் இந்த அளவு ரெயில்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அன்றைக்கு விழுந்த தப்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. பலர் கண்டுகொள்வது இல்லை. சிலருக்கு மட்டும் மனசு கேட்பதில்லை. அவர்கள் கடைத் தண்டவாளத்தைத் தள்ளி விட்டு, கட்டை கட்டையாக அடுக்கி, சரியான அகலத்தில் தாங்களே பாதை போடுகிறார்கள். அதற்கு ஏற்ப ஒவ்வொரு என்ஜினின் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். வருடக்கணக்கில் நேரம் போகும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஜல்லி போட சொட்டு மருந்துக் குழாய்

முதலில் பிளைவுட் பலகையில் அடித்தளம். கண்காட்சிக்குக் கொண்டு போவதாக இருந்தால் வேனில் ஏறும் அளவுக்குத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் தண்டவாளம் ஒரு நூல் பிசகினாலும் வண்டி கவிழ்ந்து விடும்.

மின்சாரம் 12 வோல்ட். தண்டவாளத்திலேயே கரண்ட் வருகிறது. ஒரு தண்டவாளத்தில் ஏறி, சக்கரம் வழியாக மோட்டாருக்குள் போய், அடுத்த தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று ஒயர் காடு. பாயிண்ட் மாற்ற தனி மோட்டார். கைகாட்டி இறங்க வேறு ஒரு மோட்டார். இப்போது கம்ப்யூட்டர் சிப் வைத்த என்ஜின்கள் வந்து விட்டன. ஒரே பாதையில் நிற்கும் இரண்டு என்ஜின்களில் ஒன்றை மட்டும் தனியாக ஓட்டலாம். நீராவி சீறும் சத்தமும் என்ஜினுக்குள் இருந்தே வரும்.

பொறுமை இல்லாதவர்கள் தோற்றுப் போகும் இடம் ஜல்லி. கட்டைகளுக்கு நடுவே பொடிக் கல்லைத் தூவி, பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக ஒதுக்கி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பசையில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும். ஒரு கல் எகிறித் தண்டவாளத்தின் மேலே ஒட்டிக் கொண்டால் அவ்வளவுதான், சுரண்டி எடுக்க வேண்டும்.

மரம் என்றால் முறுக்கிய கம்பி. இலை என்றால் சாயம் ஏற்றிய ஸ்பாஞ்ச் தூள். புல் வேடிக்கையானது. நைலான் இழைகளை மின்சாரம் ஏற்றிய சல்லடையில் சலிக்கிறார்கள். பசையில் விழும்போது இழைகள் எல்லாம் நட்டுக்குத்தாக நிற்கும், மயிர் கூச்செறிந்த மாதிரி.

எல்லாம் முடிந்து பளபளவென்று நிற்கும் புது என்ஜினை எடுத்து அழுக்காக்குவார்கள்! கரிப்புகை, துரு, எண்ணெய் வழிந்த கறை எல்லாவற்றையும் பெயிண்டால் வரைய வேண்டும். கரி என்ஜின் ரெயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஏன் என்று புரியும். சுத்தமான கரி என்ஜினை யார் நம்புவார்கள்?

மணி அடித்தால்தான் வண்டி

கட்டி முடித்த பிறகு ஓட்டுவது தனிக் கலை. கண்காட்சியில் ஜனங்கள் பார்க்கும் பக்கம் ஒரு ஸ்டேஷன் மட்டும் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு தட்டி. தட்டிக்குப் பின்னால் ஏழெட்டுப் பாதைகளில் ரெயில்கள் முறை வைத்துக் காத்து நிற்கும். நாடகத்தில் சைடில் நிற்கும் நடிகர்கள் மாதிரி.

சில கிளப்புகளில் டைம்டேபிள் உண்டு. நிஜ சிக்னல்மேன்கள் போல இரண்டு பேர் மணி அடித்துப் பேசிக் கொள்வார்கள். இந்தப் பக்கம் மணி அடித்து, அந்தப் பக்கம் பதில் மணி வந்த பிறகுதான் வண்டியை விடுவார்கள். கைகாட்டி இறங்காமல் வண்டி நகர்ந்தால் பக்கத்தில் நிற்கிற பெரியவர் முறைப்பார்.

பெரிய எதிரி தூசி. தண்டவாளத்தில் மெல்லிய அழுக்குப் படிந்தாலும் கரண்ட் அறுந்து வண்டி விக்கி விக்கி நிற்கும். காலையில் தண்டவாளத்தைத் துடைப்பது முதல் வேலை. ஒரு கண்காட்சிக்கு வேன் வாடகை, ஏற்ற இறக்க ஆள், இரண்டு நாள் நின்று கால் வலி. சம்பளம் கிடையாது. டிக்கெட் பணம் கிளப்புக்கு.

போய்விட்ட காலம்

இத்தனை பாடு எதற்கு? அவர்கள் கண்ணில் இருப்பது நீராவி காலம். 1948-ல் அரசு எடுத்துக் கொள்வதற்கு முன்பு அங்கே ரெயில்கள் நான்கு பெரிய கம்பெனிகள் கையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி கர்வம். 'மல்லார்டு' என்ற என்ஜின் 1938 ஜூலை 3-ந்தேதி மணிக்கு 126 மைல் வேகம் ஓடியது. நீராவியில் அதை முந்திய என்ஜின் இன்று வரை இல்லை.

பிறகு வந்தது கத்தி. 1963-ல் டாக்டர் பீச்சிங் கொடுத்த அறிக்கை, நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. பெரும்பாலானவை மூடப்பட்டன. கிராமத்து ஸ்டேஷன்கள் வீடாகவும் குடோனாகவும் மாறின. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்று விட்டார்கள். 1968 ஆகஸ்டு 11-ந்தேதி அரசு ரெயில்வேயின் பெரிய பாதைகளில் வழக்கமான நீராவி ஓட்டம் ஒரு ஸ்பெஷல் ரெயிலோடு முடிந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன்களாகப் பிளாட்பாரத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்று என்ஜின் நம்பர் எழுதியவர்கள்தான் பிற்பாடு இந்தக் கிளப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய போட்டோவைப் பெரிதாக்கி, செங்கல் வரிசையை எண்ணி, மூடிப்போன ஸ்டேஷனை அட்டையில் கட்டுகிறார்கள். சில ஸ்டேஷன்களுக்கு இப்போது அந்த அட்டை மட்டும்தான் மிச்சம்.

ஆக்ஸ்போர்டு பக்கம் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பெண்டன் என்று ஒரு மியூசியம் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்பவர் 1954-ல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவர். கிராமத்துக் கூரை வீடுகள் கண்ணெதிரே மாறிப் போவதைப் பார்த்து விட்டு, அவற்றை அளந்து மாடலாகச் செய்யத் தொடங்கினார். அவர் காலம் முடிந்தும் தொண்டர்கள் அதே வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறார்கள்.

பாடகர் கொடுத்த பணம்

ஸ்டாம்போர்டு சேதத்துக்காக கிளப் முதலில் கேட்டது வெறும் 500 பவுண்டுதான். 10 ஆயிரம் பவுண்டு கொடுத்தவர் பாப் பாடகர் ராட் ஸ்டூவர்ட்.

அவர் சும்மா பெயருக்குக் கொடுக்கவில்லை. அவருக்கும் இதே பைத்தியம்! லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டு மாடியில் 23 வருடமாக ஒரு மாடல் நகரம் கட்டிக் கொண்டிருந்தார். அது 1940-களின் அமெரிக்க ரெயில், பிரிட்டிஷ் ரெயில் இல்லை. கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போது ஓட்டலில் தனக்கு ஒரு ரூம், மாடல் வேலைக்குத் தனியாக ஒரு ரூம் எடுப்பாராம். ஒயர் வேலைக்கு மட்டும் ஆள் வைத்துக் கொண்டார். கட்டடங்கள் பெரும்பாலும் அவர் கையாலேயே ஆனவை. 2019 நவம்பரில் அதை ஒரு ரெயில் பத்திரிகையில் காட்டினார். உடைந்து கிடந்த படத்தைப் பார்த்ததும் அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்!

பணம் அனுப்பியவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை. 5 பவுண்டு, 10 பவுண்டு என்று அனுப்பியவர்கள் ஏராளம்.

கோர்ட்டில்

வழக்கு சிறுவர் கோர்ட்டுக்குப் போனது. பரீட்சைக்கு முன்னால் ஒரு ராத்திரி ஜாலியாக இருக்கக் கிளம்பியவர்கள், குடித்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிய வந்தது. சட்டப்படி அவர்கள் பெயர் வெளியிடப்படவில்லை. சிறைத் தண்டனை இல்லை. நிபந்தனையின் பேரில் விட்டு விட்டார்கள். பெற்றோர் ஆளுக்கு 500 பவுண்டு நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று உத்தரவானது.

பதினைந்து, பதினாறு வயசுப் பையன்களை ஜெயிலில் போட்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்த 500 பவுண்டுக்கு இங்கிலாந்துக் கடைகளில் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். பெட்டி பிரிக்காத நல்ல நீராவி என்ஜின் இரண்டு வாங்கலாம். பெட்டிகள் தனி. தண்டவாளம் தனி. ஜல்லியை வழக்கம் போல அவரே உட்கார்ந்து ஒட்டிக் கொள்ள வேண்டும்.