விருந்தாளிகளுக்கு ஒரு சாக்லேட் மேஜை

விடுமுறைக்கு உறவினர் பத்துப் பேர் வந்து இறங்கிவிட்டார்கள். ஒருவருக்குக் காப்பி, ஒருவருக்கு டீ, குழந்தைகளுக்கு வேறு. வீட்டு அம்மாளின் விடுமுறை அடுப்படியிலேயே கழிந்துவிடும்! இதற்கு ஒரு வழி சொல்கிறேன், கேளுங்கள்.

பழனி மலை அடிவாரத்து அய்யம்பாளையம் தேங்காய்க்குப் பேர்போன ஊர் அல்லவா? திண்டுக்கல் மாவட்டத் தென்னந்தோப்புகளின் நிழலில் இப்போது கொக்கோவும் வளர்கிறது. பலாவைப் போல் அடிமரத்திலேயே காய்க்கும். விதையைச் சுமார் 6 நாள் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்தால்தான் சாக்லேட் மணம் பிறக்கும்.

பத்துத் தம்ளருக்கு ஒன்றரை லிட்டர் பால், 10 மேஜைக்கரண்டி கொக்கோப் பொடி. பொடியை நேரே கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி தட்டும். முதலில் சிறிது வெதுவெதுப்பான பாலில் விழுதாகக் குழைத்து, பிறகு சேர்த்துக் காய்ச்சுங்கள்.

சர்க்கரை போடவேண்டாம்! மேஜைமேல் சர்க்கரை, ஏலப்பொடி, சுக்குப்பொடி, கெட்டித் தேங்காய்ப்பால், வடிகட்டிய கருப்பட்டிப் பாகு ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். பாகைப் பாலோடு கொதிக்கவிட்டால் திரிந்துவிடக்கூடும். தம்ளரில் கலப்பதே நல்லது.

அவரவர் ருசிக்கு அவரவரே கலந்துகொள்ளட்டும். சர்க்கரை நோயுள்ள தாத்தா இனிப்பில்லாமலே ருசிப்பார். மேஜையருகே ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும், அது உங்களுக்கு!