அருள்வாக்கு சொல்லாத பாதி

"எல்லாம் தலையெழுத்து" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், "விதியை மதியால் வெல்லலாம்" என்று மற்றவர் மறுப்பார். பட்டிமன்ற மேடைகளில் அடிபட்டுப் பழகிப்போன தலைப்பு இது. ஆனால் பழங்கிரேக்க இலக்கியம் என்று வந்துவிட்டால் பலருக்குச் சந்தேகமே கிடையாது. அங்கே விதிதான் எஜமான், மனிதன் வெறும் பொம்மை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதற்குச் சாட்சியாக அவர்கள் கூண்டில் ஏற்றுவது ஈடிபஸ் மன்னனை. அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது?

கதை பலருக்கும் தெரிந்ததுதான். தீப்ஸ் நாட்டு அரசன் லாயஸ், தன் மகன் கையாலேயே சாவான் என்பது டெல்பி ஆலயத்து அருள்வாக்கு. ஆண் குழந்தை பிறந்ததும் அதன் கணுக்கால்களைத் துளைத்துப் பிணைத்து, மலையில் விட்டுவிடும்படி ஓர் இடையனிடம் கொடுத்தார்கள். அவனுக்கு மனம் வரவில்லை. குழந்தை கைமாறி கொரிந்த் அரசனின் வளர்ப்பு மகனானது. வளர்ந்த பிறகு, "நீ இவர்களுக்குப் பிறந்தவன் இல்லை" என்று ஒரு குடிகாரன் விருந்தில் உளற, உண்மையறிய ஈடிபஸ் டெல்பிக்குப் போனான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற வாக்குத்தான் வந்தது.

கொரிந்த் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று முடிவு செய்து வேறு திசையில் நடந்தான். மூன்று பாதைகள் கூடும் இடத்தில் எதிரே வண்டியில் வந்த முதியவர் அவனை வழியைவிட்டுத் தள்ளினார், தலையிலும் அடித்தார். கோபத்தில் திருப்பித் தாக்கிக் கொன்றுவிட்டான். அவர்தான் லாயஸ். பிறகு தீப்ஸ் நகரை வாட்டிய ஸ்பிங்ஸ் என்ற பூதத்தின் விடுகதைக்கு விடை சொல்லி, அந்நாட்டுக்கே அரசனாகி, விதவையான அரசி யோகாஸ்டாவை மணந்தான்.

"பார்த்தீர்களா, ஓடி ஓடி விதியின் வாயிலேயே போய் விழுந்தான்" என்று இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இதை நாடகமாக்கிய சோபோக்ளிஸ், இந்த இடத்துக்குப் பிறகுதான் நாடகத்தைத் தொடங்குகிறார். கொலையும் திருமணமும் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டன. மேடையில் நடப்பது விசாரணை மட்டுமே.

நிறுத்தியிருக்கலாம்

நகரில் கொள்ளைநோய். லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும் என்கிறது புதிய வாக்கு. ஈடிபஸ் தானே துப்பறியக் கிளம்புகிறான். கண்ணில்லாத ஞானி டைரீசியஸ், தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கேட்கிறார், விடவில்லை. பாதியிலேயே உண்மையைப் புரிந்துகொண்ட யோகாஸ்டா, உயிர்மேல் ஆசை இருந்தால் இதற்குமேல் தேடாதே என்று மன்றாடுகிறாள், கேட்கவில்லை. கடைசியில் அந்த வயதான இடையனே வாய் திறக்க அஞ்சி நடுங்குகிறான். அவனை மிரட்டிச் சொல்ல வைக்கிறான் ஈடிபஸ். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திக்கொள்ள அவனுக்கு வழி இருந்தது. தந்தையைக் கொல்வான் என்று சொன்ன அருள்வாக்கு, அவன் உண்மையைத் தேடுவான் என்று எங்குமே சொல்லவில்லை. தேடியது அவன் சொந்த முடிவு.

ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஈ. ஆர். டாட்ஸ் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார். ஈடிபஸ் ஏதோ பாவம் செய்தான், அதற்குத் தண்டனை என்று சில மாணவர்களும், அவன் கடவுளர் ஆட்டுவித்த பொம்மை என்று வேறு சிலரும் தேர்வில் எழுதியிருந்தார்களாம். இரண்டுமே தவறு என்றார் அவர். மேடையில் ஈடிபஸ் செய்யும் காரியங்களுக்கெல்லாம் அவனே கர்த்தா.

பங்கு

விதிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரையும் கவனிக்க வேண்டும். 'மொய்ரா' என்ற அச்சொல்லின் நேர்ப்பொருள் 'பங்கு'. விருந்தில் இலைக்கு வருவதும் பங்கு, பிறக்கும்போது கிடைக்கும் ஆயுளும் பங்கு. முற்பிறவியில் செய்தது இப்பிறவியில் வந்து பிடிக்கும் என்ற நமது ஊழ்வினைக் கணக்கை இதன்மேல் ஏற்றிப் படித்தால், "அப்படி என்ன பாவம் செய்தான்?" என்ற தேவையற்ற கேள்வியில் போய் மாட்டிக்கொள்வோம்.

ஹோமரின் இலியட் காவியத்தில் வீரன் அக்கிலீஸுக்கு இரண்டு பங்குகள் காட்டப்படுகின்றன. டிராய் போரில் நின்றால் அற்பாயுள், அழியாப் புகழ். ஊருக்குத் திரும்பினால் நீண்ட ஆயுள், புகழில்லை. ஊருக்கே போய்விடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் பேசுகிறான். நண்பன் பெட்ரோக்ளஸ் இறந்த பிறகு, தன் சாவு உறுதி என்று தாய் எச்சரித்தும் போருக்குத் திரும்புகிறான். ஒடிசியின் தொடக்கத்திலோ தேவர்களின் தலைவன் ஸியூஸே குறைப்பட்டுக்கொள்கிறான்: மனிதர்கள் தங்கள் மடமையால் பங்குக்கு மீறிய துன்பத்தைத் தேடிக்கொண்டு, பழியை எங்கள்மேல் போடுகிறார்கள் என்று!

ஈடிபஸ் அப்படிப் பழி போட்டானா? தன் கண்களைத் தானே குத்திக்கொண்டு வந்து நின்றவனிடம், எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். துன்பங்களைக் கொண்டுவந்தது அப்போலோ தேவன், ஆனால் கண்களில் குத்தியது என் கைதான் என்கிறான். ஒரே மூச்சில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டான்.

அதற்காக எல்லாக் குற்றத்தையும் அவன் தலையில் சுமந்துகொள்ளவும் இல்லை. முதுமையில் சோபோக்ளிஸ் எழுதி, அவர் மறைந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், மகளின் கைபிடித்து அலையும் குருட்டுக் கிழவனாக அவனைப் பார்க்கிறோம். தந்தையைக் கொன்ற பாவி என்று மைத்துனன் கிரியோன் ஏசுகிறான். கிழவன் திருப்பிக் கேட்கிறான்: யாராவது உன்னைக் கொல்ல வந்தால், "நீர் என் தந்தையா?" என்று விசாரித்துக்கொண்டா நிற்பாய்? கிரியோனிடம் அதற்குப் பதில் இல்லை.