ஷீட் கூரை வீட்டில் வெக்கையைக் குறைக்க எந்தப் பொருள் நல்லது?

ஓட்டையும் கீற்றையும் எடுத்துவிட்டு ஷீட் போட்ட வீடுகளில், கோடை வந்தால் பகலில் உட்காரவே முடிவதில்லை. வயல் வேலை முடித்து வருபவர்களுக்கு மதிய ஓய்வும் கிடைப்பதில்லை. கைக்குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். கடையில் காட்டும் பொருளை வாங்குவதற்கு முன், சூடு எப்படி இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால் பணம் வீணாகாது.

சூடு எப்படி இறங்குகிறது?

வெயிலில் காயும் ஷீட், தோசைக்கல்லைப் போல அடிப்பக்கத்தில் அனலை வீசுகிறது. மின்விசிறி போட்டால் மேலே தேங்கிய சூடான காற்றுதான் கீழே வரும். பழைய நாட்டு ஓட்டு வீடும் கீற்று வீடும் குளிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம், ஓடுகளின் அடுக்குகளிலும் கீற்றின் இழைகளிலும் அடைபட்டிருந்த காற்று. தெர்மாகோல், பாறைக் கம்பளி, வைக்கோல் எல்லாமே அடைபட்ட காற்றால்தான் சூட்டைத் தடுக்கின்றன. கம்பளியும் வைக்கோலும் நனைந்தால் அந்தப் பலன் போய்விடும். எனவே முதலில் கூரை ஒழுகலைச் சரிசெய்யுங்கள்.

முதலில் வெளிப்பக்கம்

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது வெள்ளைப் பூச்சு. வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். சிமென்ட் ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்பு அடிக்கலாம். மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் பங்குனிக்குள் மறுபடி அடிக்க வேண்டும். தகர ஷீட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். அது சரியாக ஒட்டாது, ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். அதற்கு வெயிலைத் தடுக்கும் வெள்ளைக் கூரை பெயின்ட் வாங்குங்கள்.

பிறகு உள்பக்கம்

பூச்சு போதாவிட்டால், ஷீட்டுக்கும் உள்கூரைக்கும் இடையே காற்று இடைவெளி விட்டு இவற்றில் ஒன்றைப் பொருத்தலாம்.

* தெர்மாகோல்: விலை குறைவு, எடை குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றி, உருகிச் சொட்டும், புகையும் ஆபத்தானது. சமையலறைக்கு மேல் வேண்டவே வேண்டாம்.
* பாறைக் கம்பளி: தீப்பிடிக்காது. விலை கூடுதல். ஈரம் படக்கூடாது. பொருத்தும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள்; இல்லையென்றால் தோல் அரிக்கும்.
* பளபளக்கும் ஃபாயில் விரிப்பு: அனலைத் தடுக்கும். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் குறைந்தது ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். அந்தப் பக்கம் கீழே பார்த்திருந்தால் தூசி படியாது. இதில் மின்சாரம் பாயும் என்பதால் மின் வயர் அருகில் வரக்கூடாது.
* மூங்கில் தட்டி, பாய், தென்னங்கீற்று: கையில் இருப்பதை வைத்தே செய்யலாம். கரையான், எலி, தீ மூன்றையும் கவனிக்க வேண்டும். மின் வயர்களைக் குழாய்க்குள் கொண்டுபோங்கள்.

புதிதாகவே கூரை போடுபவர்கள், இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனலையும் விசாரித்துப் பாருங்கள். முதல் செலவு அதிகம்; தனியாக உள்கூரை தேவைப்படாது.

சூடு வெளியேற வழி

எந்தப் பொருளைப் போட்டாலும், முகட்டுக்குக் கீழே இருபக்கச் சுவரிலும் காற்றுத் துளை விடுங்கள். பறவை, எலி வராமல் கம்பிவலை அடியுங்கள். வெறும் தகரம் இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். உள்கூரை போட்ட வீட்டில் பகல் சூடு உள்ளேயே தங்கலாம். பொழுது சாய்ந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு தவறுகள்

முதலாவது, சிமென்ட் ஷீட்டின் மேல் ஏறி நடப்பது. பழைய ஷீட் சட்டென்று உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். ஏணியிலிருந்தே பூசுங்கள், அல்லது சட்டங்களின் மேல் நிற்கும்படி பலகை போட்டு அதில் நின்று பூசுங்கள்.

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைப்பதும், அறுப்பதும், கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதும். அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பூசும் முன் நீர் தெளித்து, மென்மையான துடைப்பத்தால் துடைத்தால் போதும். உள்கூரையை ஷீட்டில் மாட்டாமல் மரச்சட்டத்தில் கட்டுங்கள்.

முதலில் ஓர் அறைக்கு மட்டும் வெள்ளை அடித்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையிலும் பக்கத்து அறையிலும் ஷீட்டுக்குக் கீழே, தொடாமல், உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடியுங்கள். அனல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். அதன் பிறகு உள்கூரைக்குச் செலவு செய்யலாமா என்று முடிவெடுங்கள். இதே முறை மாட்டுக் கொட்டகைக்கும் பொருந்தும். அனல் குறைந்தால் மாடு நன்றாகத் தீவனம் எடுக்கும், பாலும் குறையாது.