படகு ஏன் கவிழ்வதில்லை?

தம்பி தங்கைகளே! ஆண்டு மலர் வீட்டுக்கு வந்ததும் அண்ணன், அக்கா கையிலிருந்து பிடுங்கி முதலில் படம் பார்ப்பது நீங்கள்தான். அதனால் இந்தப் பக்கம் உங்களுக்கு. எங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு நண்பர்களும் ஓரமாக நின்று படித்துக்கொள்ளலாம், தடையில்லை.

கீல் என்றதும் கதவுக் கீல்தானே ஞாபகம் வருது? நான் சொல்ல வந்தது படகுக் கீல். தமிழ் அகராதியில் இதற்கு 'ஏரா' என்று பெயர். மரக்கப்பல் கட்டும்போது முதன்முதலில் நீளவாக்கில் கிடத்துகிற அடிமரம் அது. நமக்கு முதுகெலும்பு மாதிரி. பாய்மரப் பந்தயப் படகுகளிலோ இந்தக் கீல், சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக மாட்டியது போல அடியில் ஆழமாகத் தொங்கும். நுனியில் பெரும்பாலும் ஈயக் குண்டு இருக்கும். கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதற்கு இரண்டு வேலை. காற்று பக்கவாட்டில் அடித்தால் படகும் பக்கவாட்டில்தானே நகர வேண்டும்? ஆனால் முன்னே போகிறதே, எப்படி? ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கத்தில் அழுத்துகின்றன, கொட்டையோ முன்னே பாய்கிறது! ஒரு விரல், பாயில் மோதும் காற்று. மறு விரல், கீலில் மோதும் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே படகு நழுவி முன்னே ஓடுகிறது. கொஞ்சம் நண்டு மாதிரி சாய்வாகத்தான் போகும், அது பரவாயில்லை. படகு நின்றுவிட்டால் மட்டும் இந்த வேலை நடக்காது. ஓடும் தண்ணீரில்தான் கீலுக்கு இந்தப் பிடி கிடைக்கும்.

நம் கட்டுமரத்துக்குக் கீல் கிடையாது. பாய் கட்டிப் போகும்போது மீனவர்கள் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொள்வார்கள். இதே வேலைக்குத்தான்.

இரண்டாவது வேலை, தஞ்சாவூர்ப் பொம்மையின் வேலை. தள்ளினால் சாயும், விட்டால் எழும். அடியில் கனம்! 1,000 கிலோ ஈயம் 2 மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படகு நேராக நிற்கும்போது ஈயம் சும்மா இருக்கும். 30 டிகிரி சாய்ந்தால் அது 1 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். உடனே ஏற்றப்பலகை மாதிரி அந்தப் பக்கத்தை இழுத்துக் கீழே கொண்டுவரப் பார்க்கும். முழுசா படுத்தால் விலகல் 2 மீட்டர், இழுப்பும் இரட்டிப்பு. படகு சாயச் சாயப் பாயில் காற்றின் பிடி குறையும், ஈயத்தின் இழுப்போ கூடிக்கொண்டே போகும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்க! ஈயம் எதற்கு என்றால், அது தண்ணீரைவிட 11 மடங்குக்கு மேல் கனம். சின்ன உருண்டையிலேயே நிறைய எடை அடங்கிவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கை நீளத் தெர்மோகோல் துண்டு ஒன்று, 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. தெர்மோகோல் நடுவில் நீளவாக்கில் கீறி, ஸ்கேலை ஓட்டை உள்ள முனை கீழே வரும்படி செருகுங்கள். அந்த ஓட்டையில் நூலால் இறுக்கமாக ஒரு நட்டைக் கட்டுங்கள். மேலே ஈர்க்குச்சியும் காகிதப் பாயும். பெரிய வாளியில் மிதக்கவிட்டு ஊதுங்கள். பிறகு ஸ்கேலை உருவிவிட்டு ஊதுங்கள். வித்தியாசத்தை நான் சொல்ல மாட்டேன். (ஸ்கேலைத் துடைத்து வையுங்கள், துரு பிடித்தால் அக்கா என்னைத் திட்டுவார்.)

நிஜக் கடலிலும் கீல் கழன்றது உண்டு. 1997 ஜனவரியில், உலகைத் தனியாகச் சுற்றும் வாண்டே குளோப் பந்தயத்தில் டோனி புல்லிமோர் என்ற ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவுக்கு வெகு தெற்கே புயலில் போய்க்கொண்டிருந்தார். வயது 57. கீல் முறிந்து போயிற்று. அவ்வளவுதான், 60 அடிப் படகு குப்புறக் கவிழ்ந்தது. அகலமான அந்தப் படகை நிமிர்த்த அடியில் கனம் இல்லை, குப்புறவே மிதந்தது. உள்ளே இருட்டு, உறையும் குளிர், இடுப்பைத் தொடும் தண்ணீர், தலைக்கு மேலே கொஞ்சம் காற்று. நான்கு நாள் அப்படியே இருந்தார். உயிரோடு இருப்பார் என்று நினைத்தவர்கள் குறைவு.

ஜனவரி 9-ஆம் தேதி ஆஸ்திரேலியக் கடற்படையின் அடிலெய்டு கப்பல் வந்தது. வீரர்கள் ரப்பர் படகில் நெருங்கி, கவிழ்ந்து கிடந்த அடிப்பாகத்தைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து பதில் சத்தம். புல்லிமோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, படகுக்கு அடியாக நீந்தி வெளியே வந்தார். வெளியே, கீல் இல்லாத அந்த அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் காத்திருந்தார்கள்.