சேற்றுக்குள் போகும் பொட்டாஷ்

எண்ணெய்க் கிணறு பற்றிய கருத்துக்கேட்பு என்றால் 30 நாள் அவகாசம்தான். அது கரையக் கரைய வாசகர் கடிதங்களும் கூடுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது:

கிணறு துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றில் கலப்பது வயலுக்குப் போடும் பொட்டாஷ்தானே?

அதேதான், பொட்டாசியம் குளோரைடு. துளை கடக்கும் ஷேல் பாறையிலுள்ள களிமண் தாள் தாளாக அடுக்கப்பட்டது. இடையிலுள்ள சோடியம் தண்ணீரை இழுத்துத் தாள்களை விலக்கும். களி உப்பும், துளை இறுகும், குழாய் சிக்கும். பொட்டாசியமோ தன்னைச் சுற்றிய தண்ணீரை எளிதில் உதறிவிட்டு, தாளின் மேலுள்ள அறுகோணக் குழிகளில் பல்லாங்குழிச் சோழி போல உட்கார்ந்துவிடும். தாள்கள் நெருங்கிவிடுவதால் களி உப்ப இடமில்லை. கெட்டிக்கார வேலை.

உறுத்துவது கூடவே வரும் குளோரைடு. 5 விழுக்காடு கலந்தால் 1,000 லிட்டருக்கு 50 கிலோ, ஒரு மூட்டை. நெல்லுக்கு அதை ஏறக்குறைய ஒன்றரை ஏக்கரில் பரப்புவோம். அந்தச் சேற்றில் லிட்டருக்குச் சுமார் 24,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கும். கடல்நீரிலேயே 19,000தான், நிலத்தில் விடும் கழிவுநீருக்கு வரம்பு 600.

அப்படியானால் இந்தச் சேற்றை ஏன் 'நச்சு குறைவு' என்கிறார்கள்?

துளையிடுதலுக்கான மத்திய அரசின் 2005 விதிப்படி அதன் பொருள் இவ்வளவுதான்: மைசிட் என்ற இறால் போன்ற உயிரையோ உள்ளூர்க் கடலுயிரையோ 96 மணி நேரம் சோதிக்கும்போது, பாதி உயிர்கள் சாகும் அளவு லிட்டருக்கு 30,000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டும். நிலத்தில் தோண்டும் கிணற்றுக்கும் இதே சோதனைதான். உப்பிலேயே வாழும் உயிரிடம் நெல்வயலின் உப்புக் கணக்கைக் கேட்டு என்ன பயன்? 'மட்க வேண்டும்' என்ற நிபந்தனையும் முக்கியமாகக் கரிமப் பொருள்களுக்கே. ஸ்டார்ச் மட்கும், சாந்தன் பசை மட்கும், குளோரைடு மட்காது. பயன்படுத்திய சேற்றைக் கொட்டும் கழிவுக் குழியில் தண்ணீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். கடைசியில் எல்லாப் பாதுகாப்பும் குழியில் விரிக்கும் நீர்புகா விரிப்பின் தலையில்தான்.

சேற்றில் பாரைட் என்ற கனிமத்தையும் கலக்கிறார்களே, எதற்கு? சேற்றின் எடை கூட்ட. அதில் கிலோவுக்குப் பாதரசம் 1, காட்மியம் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பொட்டாசியம் குளோரைடுக்கு மாற்று உண்டா? பொட்டாசியம் ஃபார்மேட், குளோரைடு இல்லை, விலை அதிகம்.

காவிரி டெல்டாவில்தான் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை இருக்கிறதே? தடை விதித்த தமிழகத்தின் 2020 வேளாண் மண்டலச் சட்டம் அதற்கு முன்பே நடந்துவந்த பணிகளைத் தொடாது.

கருத்துக்கேட்புக்குத் தரும் மனுவில் என்ன கேட்கலாம்? சேற்றின் குளோரைடு அளவு, குழி அமையும் இடம், குழியை மூடிய பின் நிலத்தடி நீரை யார், எத்தனை ஆண்டு சோதிப்பார்கள் என்பது.