மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்: மழைக்கு முன் ஜன்னலைக் கவனிப்போம்



வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் டிசம்பருக்குள் பெய்துவிடும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழும் நமக்கு அந்த மழை நேராக விழுவதில்லை. காற்றோடு சாய்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. மழைக்குப் பின் நம்மிடம் உதவி கேட்டு வருவோர் பலர் சொல்வதும் இதுதான்: பாய் நனைந்தது, பிள்ளைகளின் புத்தகம் நனைந்தது, ரேஷன் கார்டு நனைந்தது.

இதற்காகச் சிலர் பழைய ஃபிளெக்ஸ் பேனரையோ பாலிதீனையோ ஜன்னல் மேல் ஆணி அடித்து மூன்று மாதத்துக்கு மூடிவிடுகிறார்கள். மழை நிற்கிறது, காற்றும் நின்றுவிடுகிறது. தொழிற்சாலைகளும் எரிவாயு அடுப்பும் சூழ்ந்த நம் வாழ்வில் அது ஆபத்து. நம் பகுதி ஜன்னல் இறுக மூடவும் வேண்டும், அவசரத்தில் ஒரு நொடியில் திறக்கவும் வேண்டும்.

வெயில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

மர ஜன்னல் ஈரத்தில் உப்பும். மழையில் இறுகிவிட்டதே என்று அப்போது இழைத்தால், வெயில் காலத்தில் மரம் சுருங்கி இடைவெளி விழும். இப்போதே மூடித் திறந்து பார்த்து, உரசும் இடத்தை மட்டும் தச்சரிடம் சொல்லி இழைக்கச் செய்யுங்கள். கதவின் அடி விளிம்புக்குப் பெரும்பாலும் பெயிண்ட் அடிப்பதில்லை. தண்ணீரை முதலில் உறிஞ்சுவது அந்த விளிம்புதான். கண்ணாடியைச் சுற்றியுள்ள புட்டி வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாக வையுங்கள்.

கிரில்லுக்கும் கீலுக்கும் எதிரி கடலின் உப்புக் காற்று. கம்பி சுவருக்குள் போகும் இடத்தில் துரு ஏறினால் இரும்பு உப்பிப் பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

அலுமினிய ஜன்னலில், கதவு நகரும் பள்ளத்தின் வெளிப்புறத்தில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். தூசியும் சாம்பலும் படிந்து அவை அடைத்துக்கொண்டால் பள்ளம் நிரம்பித் தண்ணீர் உள்ளே வழியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு மெல்லிய கம்பியும் போதும்.

எல்லாம் முடிந்ததும், கை எட்டும் ஜன்னலில் வெளியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அடித்து, உள்ளே ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். மாடி வீட்டில் சன்ஷேட் மேல் ஏறி நின்று எதையும் செய்ய வேண்டாம். பழைய கட்டடங்களில் அது ஆள் பாரம் தாங்கும் என்று நம்ப முடியாது.

கொசுவலையையும் இப்போதே தைத்துவிடுங்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும். மஃரிபுக்கு மட்டும் ஜன்னலை மூடுவது போதாது.

புயல் அறிவிப்பு வந்தால்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரை கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அத்தகைய காற்றில் பூந்தொட்டியும் தகரத் துண்டும் கண்ணாடியை உடைக்கும். சன்ஷேட்டிலும் மாடியிலும் கிடப்பவற்றை முன்னதாகவே உள்ளே எடுத்துவிடுங்கள். கண்ணாடிக்கு வெளியே பலகை அடைப்பது நல்லது. காகிதக் கீற்று ஒட்டினால் கண்ணாடி உடையாது என்பதல்ல. சிதறுவது குறையும், அவ்வளவே. காற்று திடீரென ஓய்ந்தால் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வீசும்.

வெளியே வாயு, உள்ளே வாயு

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், மிக்ஜாம் வெள்ளம் வடிந்து சில வாரங்களே ஆன நிலையில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்த மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

வெளியே வாயு கசிந்து, வீட்டிலேயே இருக்கும்படி அதிகாரிகள் சொன்னால் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடுங்கள். ஏசியையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் நிறுத்துங்கள். இடுக்குகளில் ஈரத்துணி திணியுங்கள். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்வது உதவும். வெளியேறச் சொன்னால் காற்று வீசும் திசையில் ஓடாமல் அதற்குக் குறுக்காகச் செல்லுங்கள். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்த பிறகு எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் சிலிண்டர் வாயு கசிந்தால் செய்ய வேண்டியது நேர் எதிர். ஜன்னலைத் திறங்கள், எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். மின்சாரம் இல்லாத இரவுகளில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ நடையிலோ ஜன்னலுக்குக் கீழேயோ ஓட்டாதீர்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உறங்குபவர் எழ மாட்டார். மழை இல்லாத நாட்களில் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சுவரின் ஈரமும் பூஞ்சணமும் குறையும்.

படுக்கையறை ஜன்னல்களில் ஒன்றிலாவது கிரில் திறக்கும்படி இருக்கட்டும். அதன் சாவி எங்கே என்பது வீட்டிலுள்ள பெரியவர் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாநகராட்சிக்கு 1913 என்ற எண்களை ஜன்னல் அருகிலேயே எழுதி ஒட்டுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், பழுதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு இப்போதே அனுப்பி, செலவு யாருடையது என்பதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியபின் தச்சரும் வெல்டரும் கிடைப்பது அரிது.

தனியாக வாழும் முதியோர், இத்தாவில் இருக்கும் சகோதரிகள் ஆகியோரால் ஆள் தேடி வேலை வாங்க முடியாது. நம் மஹல்லாவில் மரவேலையும் வெல்டிங்கும் தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. இந்த மாதம் ஒரு விடுமுறை நாளில் உங்கள் தெருவில் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் ஜன்னலைச் சரிசெய்து கொடுங்கள். பொருள் வாங்க இயலாத வீடு என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.